முதல் கல்யாணம் உங்களுடையதுதான்

எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் அல்ல, அதற்கு முன்பே அப்படித்தான். பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டு நின்றால், காலை எடுங்கள் என்று சொல்ல மனசுக்குள் வாக்கியம் தயாராவதற்குள் என் நிறுத்தம் வந்துவிடும். அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கிற வேலை எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் வேளையோடு வாயைத் திறந்திருந்தால் என் மகள் கல்யாணத்தில் அவ்வளவு அவதி வந்திருக்காது என்றுதான் அந்தக் கல்யாணக் காலை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அச்சகம் மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்தது. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி அந்த ஹால். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பணக்காரர் ஊர் ஜனங்களின் உபயோகத்துக்கென்று எழுதி வைத்த கட்டடம். காலையில் பேப்பர் படிக்கலாம், சாயங்காலம் கதை கேட்கலாம், முகூர்த்த நாளில் கல்யாணம். பர்மா தேக்கு உத்தரம், பச்சைக் கண்ணாடி ஜன்னல், பின்பக்கம் நூறு பேருக்குப் பொங்கிப்போடக்கூடிய சமையல்கட்டு. எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகை. எங்கள் அச்சகத்துக்குப் பத்துக் கல்யாணப் பத்திரிகை வந்தால் ஏழில் இடம் அந்த ஹாலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாக எதற்குக் கோப்பது என்று ஹாலின் பெயரையும் தெருவையும் மூன்று வரியாகக் கோத்து, நூல் சுற்றிக் கட்டி, ஒரு தட்டில் தனியாகவே வைத்திருந்தேன். மாப்பிள்ளை பெயர் மாறும், பெண் பெயர் மாறும். அந்தக் கட்டு மாறாது.

ஹாலில் தேதி எடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே முப்பது வருஷமாக இருந்த காவல்காரர்தான் எல்லாம். வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தால், நீள நோட்டைப் பிரித்துத் தேதியில் பெயரை எழுதிக்கொள்வார். தேங்காயை அங்கேயே உடைத்து ஒரு மூடியைத் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான். ரசீது கிடையாது. கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

தை மாதம் என் மகளுக்கு வரன் முடிவாயிற்று. பையன் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். வீடு கொட்டிவாக்கம். அவன் அம்மா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்கள்.

"நகை நட்டுன்னு நாங்க ஒண்ணும் கேக்கல அண்ணா. ரோட்ல பந்தல் போட்டு மட்டும் வேணாம். என் பெரிய புள்ள கல்யாணத்துல பந்தலுக்குள்ள லாரி வந்து நின்னுக்கினு ஹார்ன் அடிச்சான். தாலி கட்டுற நேரம். இவனுக்காவது ஒரு ஹால்ல நடக்கட்டும்."

மறுநாளே வெற்றிலை பாக்கு தேங்காயோடு போனேன். ஆவணியில் ஒரு முகூர்த்தம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது. காவல்காரர் எழுதிக்கொண்டார். அரை மூடித் தேங்காயோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் போய் நான்கு மாடிக் குடியிருப்புகளாக எழும்பிக்கொண்டிருந்தன. புதிதாக வந்தவர்களுக்குக் கார் இருந்தது. காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை. ஹாலை நிர்வாகம் செய்கிற கமிட்டியிலும் ஆட்கள் மாறினார்கள். சித்திரையில் ஹாலுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே அட்டையில் செய்த பொம்மைக் கட்டடம். முன்பக்கம் அதே வளைவுகள், அதே ஜன்னல்கள். பின்னால் நான்கு மாடி. கீழே கடைகள், மேலே குளிர்சாதன ஹால், சுற்றிலும் பாசி நிறத்தில் மரங்கள், நகத்தளவு கார்கள். பழைய அழகும் இருக்கும், புதிய வசதியும் இருக்கும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

பொதுமக்கள் கருத்தைக் கேட்பதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அதற்கு முன்பே அந்தப் பொம்மையை மூன்று தடவை சுற்றிவந்து பார்த்திருந்தேன். அதில் சமையல்கட்டு இல்லை. சமையல் எங்கே என்று ஒரு கேள்வி, இரண்டே வார்த்தை. கையைத் தூக்கினேன். காது உயரத்துக்கு மேல் கை போகவில்லை. மேடையில் இருந்தவர் என்னைப் பார்த்தார், தலையைச் சொறிகிறேன் என்று நினைத்திருப்பார், அடுத்தவரிடம் போய்விட்டார். அடுத்தவர் கார் நிறுத்துமிடத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

வைகாசியில் ஹாலை மூடினார்கள். என் மனைவி இரண்டு நாள் பேசிப் பேசி என்னைக் கமிட்டிச் செயலாளரிடம் அனுப்பினாள். அவர் பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மாதிரி. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். என் தேதியைச் சொன்னேன்.

"முன்பக்கத்த நாங்க இடிக்கவே போறதில்ல. அத முதல்ல தயார் பண்ணிடுவோம். மேல் ஹால்ல நீங்க தாராளமா நடத்தலாம். புதுசாக்கின ஹால்ல முதல் கல்யாணம் உங்களுடையதுதான்."

இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். காப்பி குடித்த வாயால் எப்படிக் கேட்பது? டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தினமும் வேலைக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போவேன். சுற்றிலும் தகரம் அடித்திருந்தார்கள். தகரத்துக்கு மேலே முன்பக்கச் சுவர் தெரியும். ஆடி மாதம் அதற்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். பச்சைக் கண்ணாடியைத் துடைத்து ஜன்னல்களைச் சாத்தி வைத்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே நூல் கட்டிய அந்த மூன்று வரிகளை எடுத்து என் மகள் பத்திரிகைக்கான அச்சுச் சட்டத்தில் வைத்துப் பூட்டினேன். மெஷின் ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, ஊருக்கெல்லாம் அடிச்ச ஹாலு, இப்ப உனக்கா? வாடக குறைச்சானுங்களா?"

பத்திரிகைகளைப் பாதி நேரிலும் பாதி தபாலிலும் கொடுத்து முடித்தோம். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சமையல்காரர் அடுப்பு போடுகிற இடத்தைப் பார்க்கப் போனார். போனவர் நேராக அச்சகத்துக்கு வந்தார்.

"சமையல்கட்டு எங்கன்னு தேடிக்கினு போனேன். சமையல்கட்டு இல்லாட்டி போவுது, ஹாலே இல்ல. அங்க செவுரு மட்டும்தான் கீது."

ஓடினேன். தகரத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், நான் ஆடியிலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்ட சுவருக்குப் பின்னால் இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதற்கப்பால் பெரிய பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். முன்பக்கத்தை இடிக்க மாட்டோம் என்றார், இடிக்கவில்லை. நான்தான் முன்பக்கம் என்றால் ஒரு கட்டடத்தின் முன்பக்கம் என்று நினைத்துவிட்டேன்.

காவல்காரர் பள்ளத்தோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். நோட்டு எங்கே என்று கேட்டேன்.

"அத ஆபீஸ்ல வாங்கிக்கினாங்கப்பா. என்கிட்ட இப்ப ஒண்ணும் கெடையாது. இந்தத் தண்ணிய எறைக்கச் சொல்லி மோட்டார் குடுத்துருக்காங்க. அதான் என் வேல."

செயலாளர் மூன்று நாள் கிடைக்கவில்லை. நான்காம் நாள் ஆபீஸ் வாசலில் பிடித்தேன். மண்ணைச் சோதித்துப் பார்த்ததில் திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று, இது யார் கையிலும் இல்லை என்று விளக்கினார். தேதி எழுதியிருந்தது என்று முனகினேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார். அரை மூடித் தேங்காயை எப்படிக் காட்டுவது? அதைக் கூடச் சட்னி அரைத்தாயிற்று.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் மகள் மட்டும், "போய்க் கேட்டியாப்பா? இல்ல, கேட்டதா மனசுல நெனச்சுக்கிட்டு வந்துட்டியா?" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

முகூர்த்த நாளில் வேறு எந்த மண்டபமும் கிடைக்கவில்லை. பக்கத்துச் சின்ன முருகன் கோயிலில் தாலி கட்டுவது, அச்சக முதலாளி வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டுச் சாப்பாடு என்று முடிவாயிற்று. சம்பந்தி அம்மாவிடம் என் மனைவிதான் பேசினாள். ரோடு இல்லையே, மாடிக்கு லாரி வராதே என்று அந்த அம்மா சொன்னார்களாம். சிரித்தார்களா கோபமா என்று என் மனைவிக்குப் புரியவில்லை.

இடமாற்றச் சீட்டு அடித்துத் தபாலில் போட்டோம். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்குமா என்று தெரியவில்லை. போய்ச் சேராதவர்கள் நேராகப் பழைய ஹாலுக்குத்தான் வருவார்கள். அங்கே ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். தான் நிற்பதாகக் காவல்காரர் சொல்லியனுப்பினார். அவர் வார்த்தையை இனிமேல் நம்ப எனக்குத் தெம்பில்லை. மைத்துனன் சமையல் பக்கம். ஆக, பெண்ணைப் பெற்ற நானே பட்டு வேட்டியோடு காலை ஐந்தரைக்கு அந்த மஞ்சள் சுவருக்கு முன்னால் போய் நின்றேன்.

தெரியாதவர்களை வழிமறித்துப் பேசுவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டுப் புடவை தெரிந்தால் போய் நின்று கையைக் கூப்பிக் கோயில் பக்கம் காட்டுவேன். ஆறு மணிக்கு இன்னொருவர் வந்து சுவருக்கு மறுபக்கம் நின்றார். அவரும் பட்டு வேட்டி. அவரும் வருகிறவர்களைக் கைகூப்பி மறித்தார். ஆனால் அவர் மந்தைவெளிப் பக்கம் காட்டினார். நான் கோயிலுக்கு அனுப்பிய ஒரு குடும்பத்தை அவர் பாதி வழியில் திருப்பி மந்தைவெளிக்கு அனுப்புவதைப் பார்த்ததும் போய் விசாரித்தேன்.

அவர் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிப் பக்கம். அவர் மகளுக்கும் அன்றைக்கே கல்யாணம், ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். ஊர் ஜனம் எழும்பூரில் இறங்கிப் பத்திரிகையைப் பார்த்து நேரே இங்கே வருவார்களாம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"ரசீது போட்டுக் கொடுத்தாவ அண்ணாச்சி. முத்திரையெல்லாம் இருக்கு பாருங்க. புது ஹால்ல மொத கல்யாணம் ஒங்களுதுதான்னு செயலாளர் சொன்னாரு. காப்பியும் கொடுத்தாரு."

அதை வாங்கிப் படித்தேன். எங்கள் தேதி. வட்ட முத்திரை. எத்தனை நாள் நான் தூங்காமல் கிடந்தேன், கேட்காமல் விட்டேனே என்று! கேட்டு வாங்கியவரும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அதுவரைக்கும் என் மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் இடம் மாறியது. மாறியதும் அது இரண்டு மடங்காயிற்று.

ஏழு மணி ஆயிற்று. அவரே சொன்னார், "ஒங்களுக்கு நேரமாவுதே, நீங்க போங்க. ஒங்க ஆளையும் நானே அனுப்புதேன். தாலி கட்டி முடிச்சுட்டு வந்து என்னைய விடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா ரெண்டு கல்யாணமும் கெட்டுப்போவும்."

தாரை வார்க்கச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். தாலி கட்டியதும் அட்சதை போட்டேன். எட்டரைக்கு நான் செருப்பைத் தேடுவதைப் பார்த்து என் மனைவி முறைத்தாள். மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "போப்பா, சொன்ன சொல்லு" என்றாள். மாலையோடு இருந்தாள்.

பாத்திரக் கடைக்காரரை மந்தைவெளிக்கு அனுப்பிவிட்டு நான் நின்றேன். ஒன்பது மணி வாக்கில் ஒரு கார் வந்தது. செயலாளர் இறங்கினார், கூடக் காமிராவோடு இரண்டு பேர். முன்பக்கச் சுவரைக் காட்டி, பழைமையை எப்படிக் காப்பாற்றியிருக்கிறோம் பாருங்கள் என்று விளக்கிக்கொண்டு வந்தார். நெற்றியில் சந்தனத்தோடு நின்ற என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, நீங்களா! பொண்ணு கல்யாணம் எப்போ?"

இந்தத் தடவை எனக்கு வாக்கியம் தயார் செய்ய வேண்டியிருக்கவில்லை.

"இன்னிக்குத்தான் சார். எனக்கும் இன்னிக்கு, நீங்க ரசீது குடுத்த தி.நகர்க்காரருக்கும் இன்னிக்கு. ரெண்டு பேருக்குமே முதல் கல்யாணம் உங்களுடையதுதான்னு சொன்னீங்க. யாரோடது முதல்ல? அதையாவது சொல்லிட்டுப் போங்க சார்."

காமிராக்காரர் திரும்பிப் பார்த்தார். செயலாளர் என் தோளில் கை வைத்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த தையில கட்டாயம் திறந்துடுவோம். பேரனோ பேத்தியோ பிறக்கட்டும், காதுகுத்த இங்கயே வச்சுக்கலாம். முதல் காதுகுத்து உங்களுடையதுதான்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெட்டி படுக்கையோடு நான்கு பெண்கள் இறங்கி, சுவரை அண்ணாந்து பார்த்து, உள்ளே போக வாசலைத் தேடினார்கள். நான் அவர்களை மறித்து மந்தைவெளிக்கு வழி சொல்லப் போனேன். திரும்பி வந்தபோது கார் போய்விட்டிருந்தது.

என் பேரனுக்கு மூன்றாம் வயதில் கொட்டிவாக்கத்தில் காது குத்தினோம். ரோட்டில் பந்தல் போட்டுத்தான். சம்பந்தி அம்மா பந்தலின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கச் சொல்லி, லாரி வராமல் கையில் குடையோடு காவல் இருந்தார்கள். அன்றைக்கும் ஹாலைச் சுற்றித் தகரம் எடுத்திருக்கவில்லை. சுவருக்கு மட்டும் இரண்டாம் தடவையாக வண்ணம் பூசியிருந்தார்கள்.