திறந்து பார்த்து அனுப்புகிறவர்

பழைய ஷூவைக் கழற்றிய பிறகுதான் அந்தப் பெண்ணுக்குக் காலுறையில் ஓட்டை இருப்பது ஞாபகம் வந்தது. எதிர் இருக்கையில் ஒரு குடும்பமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முன்னால் முழங்கால் போட்டிருந்த கடை ஊழியர் ஒன்றும் கவனிக்காதவர்போல அந்த ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். மற்றக் கையால் அளவெடுத்தார். புது ஷூவுக்குள் கால் நுழையும்வரை மூடிய கையை எடுக்கவே இல்லை.

அந்தப் பெண் இப்போது பார்சல் அலுவலகத்தில் தராசுக்குப் பின்னால் உட்காருகிறாள். தினமும் கண்ணை மூடி ஆண்டவனை நினைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். ஒரு நாள் அப்படித் திறந்தபோது, பெரிய பெட்டியொன்றைக் கட்டிப்பிடித்தபடி ஷூக்கடை அண்ணன் வாசலில் நின்றார். அவருக்கு அவளைத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துத் தொழில் செய்தவர் இல்லையே. எந்தக் கடையில் பார்த்தோம் என்று அவள் சொன்னதும், குனிந்து அவள் காலைத்தான் பார்த்தார். "வலது கால் கொஞ்சம் அகலம், இல்ல தங்கச்சி?" என்றார். எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சிதான். ஆனாலும் 'நீங்க' என்றுதான் வாயில் வரும்.

ஷூக்கடைக்கும் பக்கத்துப் பொம்மைக்கடைக்கும் ஒரே முதலாளி. இரண்டையும் சேர்த்து மூடியபோது, இவருக்குச் சேரவேண்டிய தொகை கையில் இல்லை, அதற்குப் பதிலாகப் பரணில் கிடக்கும் பொம்மைப் பெட்டிகளை எடுத்துக்கொள் என்றார் முதலாளி. ரயில் செட், பந்தயக் கார் செட், தீயணைப்பு நிலைய செட் என்று எல்லாம் இப்போது செய்யப்படாதவை. சேகரிக்கிறவர்கள் ஆன்லைனில் தேடி அலைகிறார்களாம். இவர் சரி என்று தலையாட்டிவிட்டார். வீட்டம்மாவைக் கேட்கவில்லை. ஏன் என்று பார்சல் பெண் விசாரித்தாள்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா. அவ சொன்னா அதுதான் சரியா இருந்திருக்கும். அதான் கேக்கலை."

பெட்டிகள் படுக்கையறைக்குக் குடிவந்தன. கணவனும் மனைவியும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். வீட்டம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. இத்தனை வருஷம் மனுஷர் காலைப் பிடித்தது போதாதென்று இப்போது பொம்மை காலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாரே என்று மட்டும் சொன்னார். கூடவே ஒரு கெடுவும் வைத்தார். மாதம் முடிவதற்குள் ஒரு செட்டையாவது விற்றுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுவார். போடுவதாகச் சொன்னால் போட்டுவிடுகிற ஆள்தான்.

வெளியூரில் இருக்கும் மகள் போனிலேயே அவருக்கு ஆன்லைன் கடை திறந்து கொடுத்தாள். ஒவ்வொரு செட்டின் கீழும் 'திறக்கப்படாதது' என்று எழுதியதும் அவள்தான். படம் எடுப்பது மட்டும் அப்பாவின் பொறுப்பு. எல்லாப் படத்திலும் ஓர் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் நின்றது. அந்த விரலும் செட்டோடு சேர்ந்ததா என்று ஒருவர் கேட்டுவிட்டார். "இதுவரைக்கும் என்னை யாரும் அவ்வளவு ஆசையா விசாரிச்சதில்லை" என்றார் அண்ணன். இன்னும் இருக்கிறதா என்று யாராவது ஒரு வரி கேட்டால், இவர் வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு, ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுவார். கேட்டவர் அதோடு காணாமல் போய்விடுவார்.

அப்படி ஓடிப்போகாமல் நின்று வாங்கிய முதல் ஆளுக்குத்தான் அன்று கட்டிப்பிடித்து வந்த பெட்டி. உள்ளே ரயில் செட். ஷூவின் மூக்குக்குள் காகிதம் திணிப்பதுபோல் மூலைக்கு மூலை காகித உருண்டை திணித்திருந்தார். உடையும் சாமானா என்று கேட்டபடியே பார்சல் பெண் அதைத் தராசில் ஏற்றினாள்.

"ஒண்ணும் உடையாது. நானே எல்லாத்தையும் வெளியில எடுத்துப் பாத்துட்டுத்தான் வச்சேன். எஞ்சினைக்கூட ஓட்டிப் பாத்தேன் தங்கச்சி. என்னமா ஓடுது!"

அவள் கை நின்றுவிட்டது. "அண்ணே, பெட்டியோட சீலைப் பிரிச்சிட்டீங்களா?"

"பிரிக்காம எப்படி? உள்ள ரெண்டும் இடது காலா இருந்தா?"

கடையில் எந்தப் பெட்டியையும் திறந்து காட்டாமல் அவர் கொடுத்ததில்லை. அந்தப் பழக்கம் பொம்மைக்கும் வந்துவிட்டது. இந்த மாதிரிப் பெட்டி அனுப்புகிறவர்களைப் பார்சல் பெண் நிறையப் பார்த்திருக்கிறாள். மூலை லேசாக நசுங்கினாலே சண்டைக்கு வருவார்கள். சேகரிக்கிறவர்களுக்கு உள்ளே இருக்கும் பொம்மையைவிட மேலே இருக்கும் சீல்தான் பெரிது என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். மற்றப் பெட்டிகளையாவது அப்படியே வைத்திருக்கிறாரா என்று கேட்டாள்.

"வந்த அன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சாச்சு" என்றார். அசதியில் தராசின் மேலேயே உட்காரப் போனவர், கடைசி நேரத்தில் சுதாரித்துக்கொண்டார்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, சூடு காட்டி ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. வாங்குகிறவரும் திறக்கப் போவதில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு சரி. பேச்சில் ஒரு குற்றமும் இல்லை. பார்சல் பெண்ணே ஒரு கணம் சபலப்பட்டு, பிறகு மனதுக்குள் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அவர் திறக்க மாட்டார், சரிதான். ஆனா எனக்குத் தூக்கம் போயிடும். ஏற்கெனவே கூடத்துத் தரை முதுகைக் குத்துது."

அங்கேயே நின்றபடி, ரயில் செட்டை வாங்கியவருக்குப் போன் போட்டார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று தொடங்கியபோது பார்சல் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். விஷயத்துக்கு வந்ததும் போனிலிருந்து வந்த சத்தம் வரிசை முழுவதற்கும் கேட்டது. அண்ணன் ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை, "முட்டாள்தாங்க, வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். ரயில் பெட்டி மறுபடி அவர் மார்பில் ஏறிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது.

சில நாள் கழித்து வெறுங்கையோடு வந்து போனைக் காட்டினார். அவர் கடைக்கு முதல் நட்சத்திரம் விழுந்திருந்தது. ஒன்றே ஒன்று. கீழே இப்படி எழுதியிருந்தது: 'இவருக்குத் தொழில் தெரியவில்லை. பெட்டிகளை எல்லாம் திறந்து, ஓட்டிப் பார்த்து வைத்திருக்கிறார். அதைத் தானே போன் செய்து சொல்லியும் விடுகிறார்.'

"ஒரு சொல் பொய் இல்ல பாருங்க. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு நல்லா வந்திருக்காது" என்றார். சிரித்தார்தான். ஆனால் போனை அணைக்கத் தெரியாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பழைய சாமான்காரர் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மாதக் கடைசியில் மறுபடி அதே ரயில் பெட்டி தராசுக்கு வந்தது. விலாசம் மட்டும் வேறு. ஒரு பல் மருத்துவர் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் படித்துவிட்டுப் போன் செய்தாராம். காத்திருக்கும் அறையில் பிள்ளைகள் அழாமல் இருக்க ஒரு ரயில் ஓட வேண்டும். ஆன்லைனில் அத்தனை பேரும் திறக்கவில்லை என்கிறார்களே தவிர, ஓடும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இந்த ஒருவர்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார். சீல் இருந்தால் கிடைத்திருக்கும் விலையில் பாதிகூட வராது. ஆனாலும் விற்றது விற்றதுதான். வீட்டம்மா பழைய சாமான்காரரைப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

பார்சல் பெண்ணுக்கு அந்தக் கிளையில் அதுதான் கடைசி நாள். ஊரின் அடுத்த கோடியில் இருக்கும் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரசீதைக் கொடுக்கும்போது சொன்னாள். இனிமேல் எப்போது பார்ப்போமோ என்றாள். அண்ணன் ரசீதை மடித்துப் பையில் வைத்தார். வாசல் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்தபடி திரும்பினார்.

"பாக்கலைன்னா என்ன தங்கச்சி, நல்லாத்தான் இருப்பீங்க. கடையில இருந்தப்ப, திரும்பி வராதவங்க எல்லாரும் எங்கயோ நல்லா நடந்துக்கிட்டிருக்காங்கன்னுதான் நினைச்சுக்குவேன். நான் அப்படி நினைச்சுக்கிட்டே இருந்தேன், முதலாளி கடையை மூடிட்டாரு."