உப்பு ஒத்தடம்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனார்கள். அப்பா புனேயை ஒட்டிய போசரியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஆனால் கோயமுத்தூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை வேலைக்குப் போனவர் அப்பா மட்டும்தான். அம்மா போனது ஊர் சுற்ற. சாங்வியில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அம்மாவின் டியூட்டி நேரத்தை விசாரித்து உச்சுக்கொட்டிவிடுவார்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போகும் வழியில் ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றார். பெயிண்ட் கடை, குழாய்க் கடை, எதையும் விடவில்லை. உள்ளே உற்றுப் பார்ப்பார், கொஞ்ச நேரம் கழித்து நடப்பார். வீட்டுக்குப் புதுக் குழாய் வரப்போகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தும் விட்டேன். கெண்டைக்கால் வலி தாங்காமல்தான் நிற்கிறார் என்று கண்டுபிடித்தவள் அம்மா. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைத்துக்கொண்டு வருவதாக டாக்டர் சொன்னார். சர்க்கரை நோய் ஏற்கெனவே இருந்தது. தொழிற்சாலை வாசலில் டப்ரி என்று சொல்லும் பெட்டிக்கடையில், டீயும் கையுமாக அப்பா ஊதித் தள்ளிய சிகரெட்டுகள் மிச்ச வேலையைச் செய்திருந்தன.

அன்றிலிருந்து அம்மாவுக்கு வீட்டிலும் டியூட்டிதான். தினமும் சாயங்காலம் அப்பாவின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலிடுக்கெல்லாம் பார்ப்பாள். பிறகு வெறும் விரல் இரண்டைப் பாதத்தின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாடியைத் தேடுவாள். சில நாள் அது சட்டென்று அகப்படாது. அகப்பட்ட இடத்தில் பேனாவால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பாள். குளித்ததில் குறி அழிந்துபோனால் மறுபடி போடுவது என் வேலை. ஒரு காலையும் விடாமல் இரண்டிலும் போடுவேன். அப்பாவுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரும். அம்மாவும் சிரிப்பாள்.

அவள் போட்ட சட்டங்கள் ஏராளம். சிகரெட் கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்க வேண்டும். ரத்தம் காலுக்கு இறங்கட்டும் என்று கட்டிலின் தலைமாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு குளிரானாலும் பாதத்தின் பக்கம் சூடு போகக் கூடாது. "அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. வெந்தாலும் தெரியாது" என்று எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறாள்.

புனேயில் பல் கிட்டும் குளிர் இறங்கியிருந்தபோது அப்பாவின் அக்கா, என் அத்தை, வந்து சேர்ந்தாள். எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். வந்த அன்றே ஒப்புட்டு சுட்டுத் தந்தாள். தலை பின்னிவிட்டாள். ஆனால் அம்மாவின் வைத்தியம் அவளுக்குச் சித்திரவதையாகத் தெரிந்தது. நோயாளியை நடக்க விரட்டுகிறாள், காலைத் தொங்கப்போட்டுப் படுக்க வைத்திருக்கிறாள், பாதம் ஐஸ் கட்டியாகக் கிடக்கிறது, ஒரு ஒத்தடத்துக்குக்கூட அவளுக்கு நேரமில்லை என்று அங்கலாய்த்தாள். தம்பிக்குக் கேட்கும்படிதான் அங்கலாய்த்தாள்.

அம்மா மத்தியான டியூட்டிக்குக் கிளம்பியதும் அத்தை வாணலியில் கல்லுப்பை வறுத்தாள். பழைய வேட்டித் துணியில் முடிந்து அப்பாவின் இடது குதிகாலில் வைத்தாள். அம்மாவின் சட்டம் அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"சூடே தெரியலக்கா. இன்னுங் கொஞ்சம் வெய்யி."

அத்தைக்குப் பூரிப்பு. உப்பை இன்னும் சூடாக வறுத்துக்கொண்டு வந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தார்.

ராத்திரி அம்மா வந்ததும் வராததுமாக இந்தச் சேதியை நான்தான் சொன்னேன், சந்தோஷமாக. அவள் யூனிபாரம்கூட மாற்றாமல் அப்பாவிடம் போய்க் கேட்டாள். அத்தை எண்ணெய்தான் தேய்த்துவிட்டாள் என்றார் அப்பா. சின்னப் பிள்ளை நான் வாய்க்கு வந்ததை உளறுவதாகச் சொன்னார். நான் அத்தையைப் பார்த்தேன். அவளுக்கு அடுப்படியில் திடீரென்று வேலை வந்துவிட்டது. அப்பாவின் பொய்யால் நான் பொய்க்காரியானேன். அந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை.

அம்மா அப்பாவின் காலுறையைக் கழற்றினாள். குதிகாலில் ஒரு பெரிய கொப்புளம். செருப்பு கடித்திருக்கும் என்றார் அப்பா. அவள் மருந்து வைத்துக் கட்டினாள். அத்தை அந்த வாரமே ஊருக்கு ரயிலேறிவிட்டாள். அம்மா தினமும் கட்டுப் பிரித்துக் கட்டினாள். ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? குதிகால் கறுத்தது, கறுப்பு மேலே ஏறியது. கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அப்பா வீடு திரும்பியதும் பார்க்க வந்த கூட்டத்தில் அத்தையும் இருந்தாள், பெரியப்பாவும் இருந்தார். அத்தை அப்பாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நானு இருந்தப்ப கால் நல்லாத்தானுங்கண்ணா இருந்துது" என்றாள் பெரியப்பாவிடம்.

பெரியப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நர்சு வேலை பாக்கறவ ஊட்லயே கால் போச்சுன்னா, வெளிய என்னத்தச் சொல்றது?"

நான் வாயைத் திறந்தேன். "அத்தைதான் உப்பு..." என்று தொடங்குவதற்குள் அம்மா என் கையை அழுத்திக் கிள்ளினாள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசியதற்காகக் கிள்ளுகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதைச் சொல்ல வேண்டியவர் கட்டிலில்தான் படுத்திருந்தார்.

அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அம்மா போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலமும் அவள் அப்பாவின் மிச்சமிருந்த காலைப் பார்க்க உட்கார்ந்தாள். மடியில் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தாள். பையிலிருந்து மருத்துவமனை கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் காலில் புண் ஒன்றும் இல்லையே, கிளவுஸ் எதற்கு என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் செய்வோம் என்றாள். விரலிடுக்கெல்லாம் பார்த்தாள், நாடியைத் தேடிப் பிடித்தாள், பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் குறி போட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கால் அப்பாவின் கடைசி நாள்வரை பிழைத்திருந்தது. அவ்வளவு நன்றாக அம்மா அதைப் பார்த்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு சாயங்காலம்கூடக் கிளவுஸ் இல்லாமல் அதைத் தொட்டதும் இல்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.