மரண அறிவிப்பு ராகத்தில் சொட்டு மருந்து

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பேட்டைக்குள் என் ஆட்டோ நுழைந்தாலே, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். மைக் கட்டி ஊர் சுற்றுவது என் பிழைப்பு. தேர்தல், கோயில் கொடை விழா, ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாவற்றுக்கும் கத்துவேன். ஆனால் அதிகம் கிடைத்தது சாவுச் செய்திதான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டதால் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாசிக்க வராது. யாராவது வாயால் சொல்ல, நான் மனப்பாடம் பண்ணிக்கொள்வேன்.

ஒரு டிசம்பரில், போலியோ சொட்டு மருந்துக்கான கூட்டம் என்று என்னையும் கூப்பிட்டார்கள். அரசாங்க டாக்டர், டவுனில் சேவைச் சங்கம் நடத்தும் முதலாளிகள், கோயில் ஆட்கள், பள்ளிவாசல் ஆட்கள், பாதிரியார் என்று எல்லாரும் ஒரே மேஜையில் இருந்தார்கள். உலகத்தை விட்டே இளம்பிள்ளை வாதத்தை விரட்டப்போகிறார்களாம். பேட்டைக்கு நான்தான் குரலாம்.

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வர ஒருநாளும் ஒன்று சேராதவர்கள், உலகத்துக்காக ஒன்று சேர்ந்து பஜ்ஜி தின்கிறார்கள் என்றால் சும்மாவா இருக்கும்? பஜ்ஜியின் மீது மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நாலு தின்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "நம்ம பிள்ளைக்கு இப்பம் வேண்டாம். ஊரான் பிள்ளையளுக்குப் போடட்டும். என்ன ஆகுதுன்னு பைய பாப்போம்." மகளுக்கு அப்போது இரண்டு வயது.

"வீட்டுக்கு ஒண்ணு, வீதிக்கு ஒண்ணாச் சொல்லுதீங்க," என்றாள் அவள். "எந்தம்பி காலைப் பாத்த பொறவும் இப்படிப் பேச ஒங்களுக்கு எப்படி வாய் வருது?"

அவள் தம்பிக்கு மூன்று வயதில் அந்த வாதம் வந்தது. இன்றுவரை தொடையில் கையை ஊன்றித்தான் நடக்கிறான். நியாயம் அவள் பக்கம் இருந்தால் நான் முறைப்பேன். முறைத்தேன்.

முகாம் அன்று காலையில் கிளம்பினேன். மருந்து வேறு, சாவு வேறு என்று மூளைக்குத் தெரிகிறது, தொண்டைக்குத் தெரியவில்லை. "அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளை" என்று இழுத்தால், "இன்று மாலை நல்லடக்கம் செய்யப்படும்" என்கிற அதே இழுவையில் போய் முடிகிறது. பீடி சுற்றும் பெண்கள் மடியில் இருந்த தட்டை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

"யாருவே போனது?"

"யாரும் போகலை. சொட்டு மருந்து."

அந்த வீட்டு வரிசைக்கே தலைவி மாதிரி ஒரு அக்கா உண்டு. அவள் தலையசைத்தால்தான் அந்தப் பத்து வீடும் அசையும். ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏலே, எழவு சொல்லுத ராகத்துல பிள்ளையளைக் கூப்பிடுதியே, வெளங்குமா? இது குடும்பக் கட்டுப்பாட்டு மருந்துன்னு சொல்லுதாவளே?"

"சேச்சே, வாதத்துக்குக்கா."

"ஒம்மவளுக்குப் போட்டாச்சா?"

"காலையிலேயே முத ஆளாப் போட்டாச்சு."

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். நான் சொன்ன பொய் பேட்டையின் மூன்று தெருவுக்கும் கணீரென்று போய்ச் சேர்ந்தது. அதில் ஒன்று என் தெரு.

கொஞ்ச நேரத்தில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் அவள் நடந்து வந்த வேகத்தில் ஒரு சைக்கிள்காரன் ஒதுங்கி நின்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்த நர்ஸிடம் போனாள். "போடுங்கம்மா. இன்னும் போடலை."

பின்னாலேயே ஓடினேன். "இதுல என்ன இருக்கு சிஸ்டர்? ஒங்க பிள்ளைக்குப் போட்டிருக்கேளா?"

"போட்டாச்சு. பெட்டிக்குள்ள ஐஸ் உருகுது, தள்ளி நில்லுங்கண்ணே."

இரண்டு சொட்டு. மகள் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு இன்னும் கேட்டாள். பெண்கள் சுற்றி நின்று, கொதிக்கிற பாலைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்தார்கள்.

"அடுத்த மாசமும் வருவீங்கள்லா? இந்தப் பிள்ளை எப்படி இருக்குன்னு பாத்துட்டு அப்பம் வாரோம்," என்றாள் அக்கா. இப்பவே போட்டால்தான் நல்லது என்று நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது இரண்டு பேர்தான். ஊரான் பிள்ளையை வைத்து நான் பார்க்க நினைத்ததை, ஊர் என் பிள்ளையை வைத்துப் பார்க்க ஆரம்பித்தது.

அந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோகாத ஆள் இல்லை. பீடி இலை வாங்கப் போகிறவள் எட்டிப் பார்ப்பாள். தண்ணீருக்குப் போகிறவள் மகளைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டுப் பார்ப்பாள். ஒருநாள் பிள்ளைக்கு வயிற்றால் போனது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நான் அப்பமே சொன்னேன்," என்று குதித்தேன்.

"நேத்து நீங்க அரை டஜன் கொய்யாப்பழம் குடுத்தீங்கள்லா, அது என்ன செய்யும்?" என்றாள் மனைவி.

ஜனவரி முகாமுக்கு அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு முன்னால் வர, பத்து வீடும் பின்னால் வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்குல்லாக்கா?"

"ஒன் வார்த்தைய எவம்லே நம்புனான்? அன்னைக்கு ஒம்பொண்டாட்டி நடந்து வந்தாள்லா, அதை நம்பி வந்திருக்கோம்."

மகளுக்கு மறுபடியும் போட்டார்கள். அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. பிள்ளைக்கு ஆவது எனக்கும் ஆகட்டும் என்று நர்ஸ் முன்னால் போய் வாயைத் திறந்தேன்.

"அஞ்சு வயசுக்குள்ள உள்ளவங்களுக்குத்தாம்ணே."

வரிசையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவன் அறிவுக்கு இன்னும் அஞ்சு ஆகலைம்மா. நீ ஊத்து."