பனிக்கட்டியில் முழந்தாளிட்ட பெண்கள்

போன வருடம் குளிர்காலத்தில், மெல்பேர்ணில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. ஜப்பானின் ஹொக்கைடோவிலிருந்து பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியொன்று சிநேகபூர்வ ஆட்டத்துக்கு வந்திருந்தது. அவர்களை எதிர்த்து விளையாடிய அணியில் பதினேழு வயதான என் மகளும் இருந்தாள். நான் ஸ்பிரிங்வேலிலிருந்து காலையிலேயே வெளிக்கிட்டு, மாதா கோயில் பூசையையும் விட்டுவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தேன்.

அந்த ஜப்பான் பிள்ளைகளின் வேகத்தைச் சொல்லி மாளாது. அரை மணி நேரத்தில் நான்கு கோல். அதிலும் பத்தாம் இலக்கச் சட்டை போட்டவள், என் மகளின் தோள் உயரம்கூட இல்லை, அவளைச் சுற்றிச் சுற்றி விளையாட்டுக் காட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் குரலுக்கு மைக் தேவையில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

"விடாதை பிள்ளை! இடிச்சுத் தள்ளு!" என்று கத்திவிட்டேன்.

பெண்கள் ஆட்டத்தில் அப்படி ஆளை இடித்துத் தள்ளக் கூடாது. மகள் எத்தனையோ தரம் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த அரங்கில் தமிழ் விளங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் இடித்தாள். அந்தப் பிள்ளை பக்கச் சுவரில் மோதி விழுந்து, அப்படியே கிடந்தாள்.

நடுவர் விசில் ஊதினார். இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பனிக்கட்டியில் முழந்தாளிட்டார்கள். என் மகளும்தான். ஆட்கள் அப்படி நிற்பதை நான் கோயிலிலும் செத்தவீட்டிலும்தான் கண்டிருக்கிறேன். பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். நானும் அந்த இறப்பர் விரிப்பில் முழந்தாளிட்டுச் செபம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் சொற்கள் மறந்துபோயின. யாரோ பெற்ற பிள்ளை. அவளின் தாய்க்கு யார் போன் எடுத்துச் சொல்வார்கள் என்பதே மனதில் ஓடியது.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தகப்பன் ஒருவர் என் தோளைத் தொட்டார். யாருக்காவது அடிபட்டால் எல்லோரும் முழந்தாளிட்டுக் காத்திருப்பது இந்த விளையாட்டின் வழக்கமாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகளை ஆட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அவளை நன்றாக ஏசினார். அவள் தலை குனிந்து நின்றாளே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடுவில் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தள்ளச் சொன்னது நான்தான் என்றேன். தோளில் ஐஸ் பை கட்டியிருந்த அந்தப் பிள்ளையிடமும் போய்ச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, குனிந்து வணங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் காரில் மகள் ரேடியோவைப் போட்டு, உடனே நிறுத்தினாள். பிறகு, "அம்மா, நீங்கள் கத்தாட்டியும் நான் அவளைத் தள்ளித்தான் இருப்பன்" என்றாள்.

"உண்மையாவோ?"

"யெஸ் அம்மா. இப்ப ரோட்டைப் பாருங்கோ."

அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என் வாயில் வந்ததை என் பிள்ளை அப்படியே செய்துவிடுவாள் என்ற பயம் மட்டும் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.