பல்லிடுக்கில் கடலைத்தோல்

மல்லாங்கிணறு கடலை வியாபாரி தனுஷ்கோடி எதற்கும் அஞ்சாதவர் என்று ஊரில் பேர். அந்தப் பேர் வைத்தவர்கள் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், இரண்டு நாள் ஓயாமல் வாந்தி எடுத்து, தையல் பிரிந்து, செத்துப் பிழைத்தார் மனுஷன். இப்போது பித்தப்பையில் கல். மறுபடியும் மயக்க ஊசி என்றதும் ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

மதுரையில் மயக்க மருந்து டாக்டர் தீபலட்சுமியிடம் பழைய கதை முழுவதையும் ஒப்பித்தார்.

"சொன்னது நல்லதாப் போச்சுங்க ஐயா. வாந்தி வராம இருக்க முன்கூட்டியே ஊசி போட்டுருவோம், மயக்க மருந்தையும் மாத்திக்கிறோம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. வயித்துல இருக்கறது மயக்கத்துல மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து."

ஆபரேஷனன்று காலை கார் கிளம்பும் நேரத்தில், எம்.ரெட்டியபட்டி விவசாயி வீரணன் கடலை லோடோடு கடை வாசலில் வந்து நின்றார். தனுஷ்கோடி இறங்கிப் போய் மூடையில் கைவிட்டுப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வெயில் காயணும் வீரணா" என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், சாப்பிட்டாரா என்று நர்ஸ் மூன்று முறை கேட்டாள்.

"பச்சத்தண்ணி கூடப் பல்லுல படலம்மா" என்றார். மனைவி தங்கச்செல்வியும் ஆமாம் என்றாள்.

ஆபரேஷன் மேசையில் படுத்திருந்தபோது நாக்கு பல்லிடுக்கில் எதையோ துழாவியது. கடலைத்தோல்.

கடலை காய்ந்திருக்கிறதா என்பதை அவர் உடைத்து, மென்று பார்த்துத்தான் சொல்வார். முப்பது வருஷப் பழக்கம். அதைச் சாப்பாடு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. எத்தனை மென்றோம்? துப்பினோமா, விழுங்கினோமா? எதுவும் ஞாபகமில்லை. டாக்டர் ஊசியோடு பக்கத்தில் வந்துவிட்டார்.

"அம்மா, நிப்பாட்டுங்க! காலையில கடலை தின்னுட்டேன்!"

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. டாக்டர் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னார். அறைக்கு வந்ததும் அவர் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தங்கம், நான் பொய் சொல்லல. என் கை செஞ்சது எனக்கே தெரியல. என்னைய நம்பாத. நாளைக்கு உள்ள போறவரைக்கும் இந்தக் கைய விட்டுறாத."

"விடலைங்க" என்று அவள் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நர்ஸ் அதே கேள்வியைக் கேட்டாள். தனுஷ்கோடி பதில் சொல்லப் பயந்து மனைவியைப் பார்த்தார்.

"இல்லம்மா, இவுக எதுவும் சாப்பிடல. நேத்துலருந்து நான் கைய விடல" என்றாள் தங்கச்செல்வி. அதைச் சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

மத்தியானம் அவர் கண் விழித்தார். குமட்டலே இல்லை என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.