அமெரிக்கருக்காக நான் சொன்ன ஓம்

ஒரு அமெரிக்க நடிகருக்குப் பல வருடமாக நான்தான் தமிழ்க் குரல். லண்டன் ஈஸ்ட் ஹாமில் துணிக்கடைக்கு மேலே உள்ள சின்ன ஒலிப்பதிவு அறையில் நின்றபடி அவருக்காக மதுக்கடை நடத்தியிருக்கிறேன், சிறைக்கதவு பூட்டியிருக்கிறேன், குதிரைக்கு லாடம் அடித்திருக்கிறேன். அவர் முகம் எல்லோருக்கும் தெரியும். பெயர்தான் யாருக்கும் தெரியாது. நரைத்துத் தளர்ந்த பிறகு, ஒரு தொடரில் முதன்முறையாக அவருக்குக் கல்யாணம் வந்தது. சம்மதமா என்று பாதிரியார் கேட்க, அவர் "யெப்" என்றார். நான் எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி "ஓம்" என்றேன்.

சென்னைக்கார டப்பிங் டைரக்டர் ஹெட்போனைக் கழற்றினார். "சார், அவரு கல்யாணம் பண்றாரா, மந்திரம் சொல்றாரா? 'ஆமா'ன்னு சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளைக் கூப்பிடுறேன்."

அந்த முகத்தை இன்னொரு குரலுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஆமா" என்றேன். திரையில் அவர் உதடு மூடிவிட்டது. என் "மா" மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் வெளியே நின்றது.

"தம்பி, அவற்ற வாயைப் பாருங்கோ. கடைசியில மூடுறார். ஓம் எண்டால்தான் எங்கட வாயும் மூடும்."

டைரக்டர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "அட, கரெக்டா உக்காருதே! சரி, கட்டிக்கட்டும்."

மணப்பெண்ணுக்குக் குரல் கொடுத்தவள் மதுரைக்காரி. அவள் "ஆமா" என்றாள். அமெரிக்கப் பாலைவனத்துத் தேவாலயத்தில் யாழ்ப்பாண மாப்பிள்ளை மதுரைப் பெண்ணைக் கைப்பிடித்தார்.

"சீதனம் என்ன தாறியள்?" என்று அவளிடம் கேட்டேன்.

"வாசல்ல குதிரை நிக்குதுல்ல, பத்தாதாண்ணே?"