பத்துக் குரல்காரியின் வயிற்றெரிச்சல்

ஆட்களைப் பயங்காட்டுவதுதான் என் வேலை. அதற்கு டீயும் பழம்பொரியும் தந்து உபசரிக்கிறார்கள்.

பதறவேண்டாம். தக்கலைப் பக்கம் எங்கள் ஊரில், பழைய தையல் வகுப்புக் கூடத்தில் ஒரு பெண்கள் உதவி மையம் இருக்கிறது. வீட்டில் அடிபட்டவர்கள், வழியில் தொல்லைப்பட்டவர்கள், போனில் மிரட்டப்பட்டவர்கள் எல்லாம் வருவார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ போகும் முன்பு அவர்களுக்கு இங்கே ஒத்திகை உண்டு. எதிரே உட்கார்ந்து ஏட்டாகவும், வக்கீலாகவும், மாமியாராகவும், "பேசித் தீத்துக்கலாமே" என்று தொண்டையைச் செருமும் ஊர்ப் பிரமுகராகவும் நடிப்பவள் நான். வயது பத்தொன்பது. பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் அரைநாள் லீவு விட்டு, ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றவள். அப்போது குற்றமாக இருந்ததற்கு இப்போது திறமை என்று பெயர்.

ஒத்திகைக்கு இரண்டு சட்டம். பதிலை நாங்கள் சொல்லித் தரக்கூடாது. கேள்விக்குப் பயப்படாமல் இருக்க மட்டும்தான் பழக்குவோம். இரண்டாவது, வந்தவர் முன்னால் ஒரு ஸ்டீல் டம்ளர் இருக்கும். தாங்கமுடியவில்லை என்றால் அதைக் கவிழ்த்துவிடலாம். கவிழ்ந்த நொடியில் நான் வாயை மூடவேண்டும், பாதி வார்த்தையில் இருந்தாலும் சரி.

இனி ஜெபா. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்கூடப் படிப்பவள். வந்தவருக்குப் பக்கத்தில் உட்காருவது அவள் வேலை. அவ்வளவுதான், உட்காருவது! என்னிடம் பத்துக் குரல் இருக்கிறது. அவளிடம் இருப்பது ஒன்று, அதுவும் விசேஷ நாட்களில்தான் வெளியே வரும். ஆனால் வாசல்படி ஏறுகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்பது, "ஜெபா வந்திருக்கா?" உங்களில் யாராவது கைவலிக்க வேலை செய்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்குப் பாராட்டுப் போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்ததுண்டா? அப்படியானால் வாருங்கள், இந்தப் பெஞ்சில் இடமிருக்கிறது.

(பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஜெபாவின் பெயரை மாற்றும்போது இன்னும் மோசமான ஒன்றாக வைக்கப் பார்த்தேன், மையத்தில் சம்மதிக்கவில்லை.)

ஏட்டையா வந்தார்

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். தெருக்காரன் ஒருத்தன் அவர் போனுக்கு அசிங்க அசிங்கமாக அனுப்பிக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் எழுதிக்கொடுக்கவேண்டும், ஆனால் காக்கியைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றார். நான் மேசைக்குப் பின்னால் சாய்ந்து, இல்லாத தொப்பையைத் தடவி, ஏட்டையா ஆனேன். "என்னம்மா... மெசேஜா? நீ நம்பர் குடுக்காம அவனுக்கு எப்படிக் கிடைச்சுது? ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு. நாளைக்கு வா." அக்காவின் கை டம்ளருக்குப் போனது. போன கை அப்படியே திரும்பி மேசைமேல் ஓர் அறை அறைந்தது. "மீன் விக்கியவளுக்க நம்பரு ஊருக்கே தெரியும்! ஐயா வரட்டும், நான் இஞ்சதான் இருப்பேன். இந்த பெஞ்சு உமக்க வீட்டு பெஞ்சா?"

நானே எழுந்து நின்றுவிட்டேன். கூடமே கை தட்டியது. இந்தச் சிங்கத்தைக் கூண்டிலிருந்து வெளியே விட்டவள் நான்தானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீ கொள்ளாம் மக்ளே, அசல் ஏட்டு. ஆனா நாளைக்கு ஸ்டேஷனுக்கு எனக்க கூட அந்தப் பேசாத பிள்ளைய அனுப்பு."

பஸ்ஸில் மூன்று பேரும் நானே

பள்ளிக்கூடங்களுக்கும் போவோம். பஸ்ஸில் ஒருத்தியை ஒருத்தன் உரசினால் மற்றவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதுதான் பாடம். பெஞ்சுகளைப் பஸ்போல் போட்டு, உரசுகிறவன், "உள்ள போ, உள்ள போ" கண்டக்டர், "நமக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்று ஜன்னல் பக்கம் திரும்பும் மாமி, மூன்று பேரையும் நானே செய்தேன். பிளஸ் ஒன் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும், "நீ அந்த பஸ்ஸில் இருந்தால்?" என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்டோம். ஒருத்தன் "அடிப்பேன்" என்றான். இன்னொருத்தன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்க சீட்டைக் குடுத்து இங்க வந்து இருங்கம்பேன். பெறவு கண்டக்டரைக் கூப்பிடுவேன்" என்றான். அன்றைய வேலை வீண்போகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முடிந்ததும் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் பையை நெஞ்சோடு அணைத்தபடி எங்களைப் பார்த்து வந்தாள். ஏதோ சொல்லவருகிறாள். நான் முகத்தை இளக்கித் தயாராக நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனாள், ரோட்டில் நிற்கும் கன்றுக்குட்டியைச் சுற்றிப் போவதுபோல. பிள்ளைகள் நடந்து போகும் பின்வழியில் நான்கு நாளாக ஒருத்தன் நிற்பதை ஜெபாவிடம் சொன்னாள். மறுநாளே பள்ளியில் ஆசிரியைகள் முறைவைத்து அந்த வழியில் நின்றார்கள், அவன் வரவில்லை. அதெல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் என் வயிறு? அவள் போகும்போது வழிமறித்து, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேவிட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க எல்லார மாதிரியும் பேசுவீங்க அக்கா. சொன்னா நாளைக்கு என்னை மாதிரியும் பேசிருவீங்களோன்னு பயமா இருந்துது."

மூன்று முறை கவிழ்ந்த டம்ளர்

தங்கம் அக்கா குலசேகரத்துக்கு மேலே ரப்பர் வெட்டுபவர். கட்டியவன் முறுக்கியதில் இடதுகை மணிக்கட்டு உடைந்து, நெய்யூரில் வைத்தியம் பார்த்தார். வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். சொன்னால்தான் அவனை வீட்டுப்பக்கம் வரவிடாமல் நிறுத்தமுடியும். ஏழு வயது மகள் நிம்மதியாகத் தூங்கமுடியும். எதிர்த்தரப்பு வக்கீலாக நான் கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். "அம்மா, உங்க பேரு—" என்று ஆரம்பித்தேன். டக். டம்ளர் கவிழ்ந்தது.

பெயரைக்கூட முடிக்கவிடவில்லை! அடுத்த வாரமும் டக். மூன்றாவது வாரம் குரலை அவ்வளவு மெதுவாக்கினேன், குழந்தைக்குச் சோறூட்டும் வக்கீல்போல. அதற்கும் டக். ஒவ்வொரு தடவையும் ஜெபா ஒன்றும் சொல்லாமல் டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். அக்கா குடிப்பார். பிறகு இரண்டு பேரும் பிள்ளையின் பள்ளிக்கூடம், ரப்பர் மரத்துப் பட்டை என்று ஒரு மணிநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசத் தெரியாத ஜெபா! நான் துப்பட்டாவை மடித்துக்கொண்டு எழுந்தபோது தங்கம் அக்கா மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்: "உனக்கமேல கோவம் ஒண்ணும் இல்ல மக்ளே, ஜெபாக்க சத்தம் கேட்டாதான் எனக்கு மூச்சு வருது."

நான் ஜெபா ஆனேன்

அந்தச் சத்தம்தான் வேண்டுமென்றால் அதற்கென்ன பஞ்சம், என்னிடம் இல்லாத சத்தமா? இரண்டு நாள் கழித்து மையத்துப் போன் அடித்தது. போனை எடுப்பவள் முதலில் தன் பெயரைச் சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மறுபக்கம் தங்கம் அக்கா. "ஜெபாவா?" என்றார். ஜெபா வெளியே போயிருந்தாள். நான் தொண்டையை ஒரு சுற்று இறக்கி, பாதி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "ம்ம்... சொல்லுங்க அக்கா" என்றேன். அச்சு ஜெபா. ஆகா, என்ன ஒரு ருசி! மூன்று வாரமாக டம்ளரைக் கவிழ்த்த அதே அக்கா மடமடவென்று சொல்கிறார், என்னிடம் சொல்கிறார். கொழுந்தன் வந்து போயிருக்கிறான். கோர்ட்டில் காலை வைத்தால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றானாம். "பாறையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரவா ஜெபா?" என்று கேட்டுவிட்டு அழுதார். அந்த அழுகையை எப்படியாவது நிறுத்தவேண்டும்போல இருந்தது எனக்கு. "சரி அக்கா. உங்களுக்கு எது சமாதானமோ அப்படியே செய்யுங்க" என்றேன். அழுகை நின்றது. போனை வைத்துவிட்டு, ஜெபாவை ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு பழம்பொரி தின்றேன்.

அடுத்த வாரம் தங்கம் அக்கா ஒத்திகைக்கு வரவில்லை. ஜெபா போன் பண்ணினாள். பேசப் பேச அவள் முகம் வெளுத்தது. "நானா? நான் செரின்னு சொன்னேனா?" என்றாள். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பழம்பொரித் தட்டைப் பார்த்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் அதே குரலில் திருப்பிக் கத்தலாம். அவள் கத்தவில்லை. "எனக்க சத்தத்த எடுத்தே, செரி. அந்த இடத்துல நான் என்ன கேட்டிருப்பேன்னு உனக்குத் தெரியுமாட்டி? பிள்ள இப்ப எங்க இருக்குன்னு கேட்டிருப்பேன்."

சிரட்டை

அடுத்த அரைமணி நேரம் மையத்தில் எல்லாரும் ஓடினார்கள். பொறுப்பாளர் சுகந்தி மைனி முன்பு இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். யார் வீட்டுக் கதவும் அவர் தட்டினால் திறக்கும். மிரட்டலை அரசு வக்கீலுக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுத்தார். தாய் வராமல் பிள்ளையை யாரிடமும் விடக்கூடாது என்று பள்ளியில் சொல்லிவைத்தார். எனக்கும் தீர்ப்பு வந்தது: இனி போனைத் தொடக்கூடாது, தங்கத்திடம் நானே போய்ச் சொல்லவேண்டும். ஜெபாவும் நானும் பஸ் ஏறினோம். குலசேகரம் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாகவே பேசமாட்டாள், ஆனால் இது வேறு பேசாமை என்று எனக்குப் புரிந்தது.

தங்கம் அக்கா தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தார். மரத்துக்கு மரம் கட்டிய சிரட்டையிலிருந்து வாளியில் ஊற்றியபடி எங்களை ஒரு தடவை பார்த்தார். நான் ஆரம்பித்தேன்: "நடந்த தவறுக்கு என் மனப்பூர்வமான வருத்தத்தைத்..." எனக்கே கேட்டது, டிவியில் செய்தி வாசிப்பவரின் குரல். நிறுத்திவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன். இந்தமுறை ஞாயிறு பிரசங்கம் செய்யும் போதகர் வந்தார். என் வாயை என்னாலேயே பிடிக்கமுடியவில்லை, எந்தக் குரலாவது வந்து முன்னால் நின்றுகொள்கிறது. அக்கா கையிலிருந்த காலிச் சிரட்டையைப் பக்கத்துக் கல்லின்மேல் கவிழ்த்தார். டக். நான் வாயை மூடினேன். பிறகு அக்கா சொன்னார்: "உனக்குன்னு ஒரு சத்தம் உண்டுமா மக்ளே? உண்டும்னா அதுல சொல்லு."

சொன்னேன். போனில் ஜெபாவாகப் பேசியது நான்தான், பொறாமையில் செய்தேன் என்று சொன்னேன். கீச்சென்று, கிழிந்த விசில்போல வந்தது. பதினோராவது குரல், இருப்பதிலேயே மட்டம் அதுதான். அக்கா வாளியைக் கீழே வைத்தார். அங்கே பால் எடுத்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் பைய வந்து நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் யாரும் என்னைத் திட்டவில்லை, நேரம் வீணாக்கவில்லை. நாளையிலிருந்து யார் யார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தங்கத்தோடு பள்ளிவரை போவது என்று அங்கேயே முறைபோட்டார்கள். சிரட்டையை எடுத்து மரத்தில் திரும்ப மாட்டியபடி அக்கா சொன்னார்: "வெள்ளிக்கிழமை வருவேன். எரக்கம் பாக்காத வக்கீலா இரி. அந்த டம்ளரு மேசையில இருக்கப்பிடாது."

கோர்ட்டு

வெள்ளிக்கிழமை நான் இரக்கம் பார்க்கவில்லை. "அன்னைக்கு மழை பெய்ததா இல்லையா? பாறை வழுக்குமா வழுக்காதா? பதினோரு வருஷம் சோறு போட்ட மனுஷன்மேல பொய் சொல்ல உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?" அக்காவின் கை டம்ளர் இருந்த இடத்தைத் தேடியது, வெறும் மேசையைத் தொட்டது, அங்கேயே இருந்தது. "மழ பெஞ்சுது. பாற வழுக்கும். நான் வழுக்கல்ல. அவரு முறுக்கினாரு." ஜெபா பக்கத்தில் இருந்தாள். முடிந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தது நான்.

சாட்சி சொல்லும் நாளில் கோர்ட்டு வராந்தாவில் நின்றோம். ரப்பர் தோட்டத்திலிருந்து நான்கு பெண்கள் வேலையை விட்டு வந்திருந்தார்கள். கொழுந்தன் தூரத்தில் நின்றான். ஸ்டேஷனில் அவனிடம் எழுதி வாங்கியிருந்ததால் கிட்டே வரவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள். தங்கம் அக்கா எழுந்து, ஜெபாவின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தார், விட்டார், உள்ளே போனார். கதவுக்கு வெளியே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணிநேரம் கழித்து வெளியே வந்தார். முகம் வேர்த்திருந்தது. எங்கள் எல்லாரையும் தாண்டி நேரே என்னிடம் வந்து நின்று சொன்னார்: "உள்ள கேட்டவரு என்ன வக்கீலு மக்ளே... உனக்குப் பாதி இல்ல. முழுசும் சொல்லிட்டேன்."

ஆக, எதிரி வக்கீலையே தோற்கடித்த பத்துக் குரல்காரி நான். ஆனால் உள்ளே போகும்போது அக்கா பிடித்த கை ஜெபாவுடையது, நான் பிடித்துக்கொண்டு நின்றது அக்காவின் சாப்பாட்டுப் பையை.